வெள்ளைத் திரையில் மாமா ஆடிய ஆட்டம்

அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த டிரெஸ்ஸிங் டேபிளுக்குக் கடைசியில் இப்படி ஒரு கதி வரும் என்று அதைச் செய்த ஆசாரி கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சித்தூரில் செய்து, லாரியில் ஏற்றி, பாகாலாவுக்கு வந்து இறங்கிய கனமான சாமான் அது. நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனபோது அதன் கண்ணாடி உடைந்துபோனது. உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக் கூடாது என்று சில்லுகளை அன்றைக்கே வாரிக் கொட்டிவிட்டார்கள். மரச் சட்டம் மட்டும் மேஜைமேல் வெறுமனே நின்றது. அம்மா பழக்க தோஷத்தில் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்றுதான் தலை வாரிக்கொள்வாள். சுவரைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்கிற பொம்பளை ஊரிலேயே நம் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நைனா கேலி செய்வார்.

புதுக் கண்ணாடி போட வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் தசரா லீவில் மாமா அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டினார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். திருப்பதியில் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடையில் வேலை. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் வருவார். திரை உடைந்த லேப்டாப் எதுவானாலும் கடையில் அவர் கைக்குத்தான் வருமாம். அதில் அம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. சித்தூரில் ஒரு பெண் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுகூட, என் தம்பி கைபட்டால் செத்த திரையும் கண் திறக்கும் என்றுதான் சொன்னாள்.

அப்படிப்பட்ட மாமா ஒருநாள் மத்தியான ரயிலிலேயே திரும்பி வந்தார். தோளில் ஒரு கோணிப்பை. கடைக்காரர் முன்கோபி, அவரோடு இனிமேல் ஒத்துவராது, வேலையை விட்டுவிட்டேன் என்றார். அம்மா ஒரு பாட்டம் அழுதாள். வேலை இல்லாதவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று அந்தப் பார்த்திராத பெண்ணுக்காகவும் சேர்த்து அழுதாள். மாமா கோணிப்பையை நடு ஹாலில் அவிழ்த்தார். உள்ளே முழுக்கப் பழைய லேப்டாப் திரைகள், கடையில் கழித்துப் போட்டவை. தட்டு மாதிரி மெல்லிசாக, பழைய பனியனிலும் செய்தித்தாளிலும் சுற்றி அடுக்கியிருந்தன.

மாமாவிடம் ஒரு திட்டம் இருந்தது. திருப்பதியில் லாட்ஜுகளின் முன்ஹாலில் ரூம் காலியாகும்வரை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு காத்துக்கிடப்பார்கள். மொட்டையடித்த குழந்தைகள் தலை எரிந்து அழும். அங்கே ஒரு வீடியோ கேம் பெட்டி வைத்தால் குழந்தைகள் வாயை மூடிக்கொண்டு விளையாடும், பெரியவர்கள் நிம்மதியாக உட்காருவார்கள். ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் பேசியாகிவிட்டது. விஜயதசமி அன்றைக்கு நல்ல நாள் என்று வீட்டுக்கே வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் அவர்களுடைய மற்ற லாட்ஜுகளுக்கும் ஒவ்வொன்று. வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம், எவன் கடைப் படியையும் மிதிக்க வேண்டாம். மாமா அதைச் சொன்ன விதத்தில் அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரெஸ்ஸிங் டேபிளை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவள்தான்.

முதல் வேலை திரைகளைப் பொறுக்குவது. மாமா பாயை விரித்து, ஒவ்வொரு திரையாக வயர் மாட்டி எரியவிடுவார். திரை முழுக்கச் சிவப்பு வரும், பிறகு பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு. நானும் தம்பியும் எதிரில் குந்திக்கொண்டு இப்போது என்ன நிறம், அதில் கோடு இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். அதனால் சிவப்பை எர்ரா என்று தெலுங்கில் கத்துவேன். இன்னும் பள்ளிக்கூடம் போகாத தம்பி தமிழில் கத்துவான். இரண்டும் ஒத்துப்போனால்தான் மாமா ஒப்புக்கொள்வார். கோடு கோடாக விழுந்த திரைக்கு மழை என்று பெயர் வைத்தோம். புள்ளி விழுந்தவற்றை அம்மை போட்டவை என்று தனியாக ஒதுக்கினோம். உலகத்திலேயே முக்கியமான வேலை அதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நைனா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றிவிடுவது, கொடியும் விளக்கும் காட்டுவது அவர் வேலை. அந்த வேலையில் அவ்வப்போது ஆளைக் கூப்பிட்டுக் கண்ணைச் சோதிப்பார்கள். சிவப்பிலும் பச்சையிலும் தடுமாறினால் அத்தோடு ஸ்டேஷன் வேலை போய்விடும், ஏதாவது ஆபீஸில் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றப்பட்ட ஒருவரைப் பற்றி நைனா வருத்தமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு டியூட்டிக்குக் கிளம்பியவர், நாங்கள் நிறம் கத்துவதைக் கேட்டு டிபன் கேரியரோடு வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"கொயந்தைங்கள இன்னாத்துக்குடா பாக்க சொல்ற? நீயே பாக்கறதுதான?" என்றார்.

"அதுங்களது புதுக் கண்ணு மாமா. சின்னப் புள்ளிகூட தப்பாது" என்றார் மாமா, தலையைத் தூக்காமலே.

நைனா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

திரையின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள எழுத்தும் எண்ணும் சரியாகத் தெரிந்தால்தான் அந்தத் திரைக்குப் பொருந்துகிற போர்டை வரவழைக்க முடியும். அதை என்னைத்தான் படிக்கச் சொல்வார். ஒரு தரம் படித்ததும் விடமாட்டார், திரும்பவும் படி என்பார். ஸ்கூலில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்பார். என் இங்கிலீஷைச் சோதிக்கிறார் என்று நான் வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஈயம் பற்றவைக்கும்போது மாமாவின் மூக்கு போர்டுமேல் இடிக்கிற மாதிரி இருக்கும். மூக்கைச் சுட்டுக்கொண்டால் பெண் வீட்டுக்காரன் ஓடிப்போவான் என்று அம்மா சத்தம் போடுவாள். மூக்கைச் சுட்டுக்கொள்ளவில்லை. விரல்களைத்தான் சுட்டுக்கொண்டார், கிட்டத்தட்ட எல்லா விரலையும்.

கண்ணாடி இருந்த சட்டம் உயரமானது. லேப்டாப் திரையோ அகலமானது. மாமா திரையை நிமிர்த்தி நிற்கவைத்துச் சட்டத்துக்குள் பொருத்தினார். மேலிருந்து கீழே விழுகிற ஆட்டத்துக்கு உயரமான திரைதான் பொருத்தமாம். கீழ்ப்பாதி செத்துப்போன இன்னொரு திரையைச் சட்டத்துக்கு மேலே படுக்கவைத்து, செத்த பாதியை அட்டையால் மூடினார். உயிரோடிருந்த பாதியில் லாட்ஜின் பெயர் தெலுங்கில் ஓடியது. திரை இல்லாத ஒரு லேப்டாப்பின் உடம்பு இழுப்பறைக்குள் போனது. அம்மா சீப்பும் பவுடர் டப்பாவும் வைக்கிற இடத்தில் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் வந்தன. ஆட்டத்தில் குண்டு சுடுகிற பட்டன்மேல் மாமா பசை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தார், குழந்தைகள் குனிந்து தேடாமல் விரலாலேயே கண்டுபிடிக்கட்டும் என்று. திரையின்மேல் போட வேண்டிய பிளாஸ்டிக் தகடு மட்டும் இன்னும் வரவில்லை. அதை லாட்ஜில் கொண்டுபோய் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. வானத்திலிருந்து கற்கள் விழும். கீழே ஒரு வண்டி. கல்லுக்குத் தப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுட்டு உடைக்க வேண்டும். மாமா செய்த விசேஷம் சத்தத்தில் இருந்தது. சட்டத்தின் இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர்கள் வைத்திருந்தார். கல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து விசில் வரும். நெருங்க நெருங்க விசில் தடிக்கும். அந்தச் சத்தத்தைச் சரிசெய்வதற்கு மாமா செலவழித்த நேரத்தை வேறு எதற்கும் செலவழிக்கவில்லை.

எங்களோடு ஆடும்போது மாமா தம்பியிடம்கூடத் தோற்றுப்போவார். குழந்தை மனசு நோகக் கூடாது என்று விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. என் சிநேகிதிகளின் மாமாக்கள் யாரும் அப்படி விட்டுக்கொடுக்கிறவர்கள் இல்லை. ஆனால் சில சமயம் பந்தயம் கட்டுவார். கண்ணை மூடிக்கொண்டே ஆடிக் காட்டட்டுமா என்பார். தம்பி அவர் கண்ணைக் கையால் பொத்துவான். மாமா தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு ஆடுவார். ஆச்சரியம் என்னவென்றால், கண் திறந்து ஆடும்போதைவிடப் பொத்தி ஆடும்போது நன்றாகவே ஆடினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆயுத பூஜை வந்தது. சட்டி பானை, அரிவாள்மணை, நைனாவின் கைவிளக்கு, என் புத்தகங்கள், மாமாவின் ஈயம் பற்றவைக்கிற கருவி எல்லாவற்றுக்கும் நடுவில் பெட்டி மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம், மேலே சாமந்திச் சரம். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது. நானும் தம்பியும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மாமாவும்தான். ராத்திரி சாப்பிடும்போது அம்மா, நாளைக்கு நல்லபடியாக முடிந்தால் அடுத்த வாரமே சித்தூர் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா மஞ்சள் தண்ணீர் கரைத்தாள். நல்ல நாளில் மாவிலையால் வீடு முழுக்கத் தெளிப்பது வழக்கம். முதன்முதலாக ஒரு அன்னியன் கண் படப்போகிறதே என்று பெட்டிக்கு மட்டும் திருஷ்டி கழிய இரண்டு தரம் அதிகமாகத் தெளித்தாள். தெளித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். மஞ்சள் தண்ணீர் திரையில் கோடு கோடாக இறங்கியது. தகடு போடாத திரை. ஓரத்தில் மெல்லிய பட்டி வயர்கள் இருக்கிற இடத்துக்குத் தண்ணீர் போகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாமா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் பெட்டியின் முகத்தைத் துடைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.

மேனேஜர் பைக்கில் வந்தார். நல்ல மனுஷர். எனக்கும் தம்பிக்கும் சாக்லேட் கொடுத்தார். நைனா நாற்காலி போட்டார். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். மேலே லாட்ஜின் பெயர் பளிச்சென்று ஓடியது. இசை வந்தது. கீழே பெரிய திரையும் எரிந்தது. முழுக்க வெள்ளையாக எரிந்தது. கல் இல்லை, வண்டி இல்லை, வெறும் வெள்ளை.

மாமா ஆட ஆரம்பித்தார்.

ஆடிக்கொண்டே தெலுங்கில் விளக்கினார். பாருங்கள் சார், இதோ பச்சைக் கல், இது லேசு, சின்னக் குழந்தைகூட அடித்துவிடும் என்றார். அடித்தார், கல் உடைகிற சத்தம் வந்தது. இப்போது சேர்ந்தாற்போல் மூன்று வரும், வண்டியை ஓரம் கட்ட வேண்டும் என்றார், கட்டினார். படத்தின் தெளிவைப் பாருங்கள், புது டிவியில்கூட இப்படி வராது என்றார். வெள்ளை வெளிச்சம் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முகம் முழுக்க நம்பிக்கை.

மேனேஜர் திரையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கடைசியில் நைனாவைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி டம்ளரோடு வந்த அம்மா கதவோரமே நின்றுவிட்டாள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைப் பொத்தாமலே பொத்தின மாதிரி ஆடுகிறார், வந்தவரிடமே பந்தயம் கட்டுகிறார் என்று நினைத்து நான் பலமாகக் கைதட்டினேன். நான் தட்டியதைக் கேட்டு மாமா இன்னும் உற்சாகமாக ஆடினார்.

மேனேஜர் காபியை மரியாதையாகக் குடித்து முடித்தார். "மஞ்சிதண்டி, நேனு போன் சேஸ்தானு" என்றார். நல்லது, போன் செய்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பைக் சத்தம் தெருமுனை தாண்டியது. மாமா திரும்பி உட்கார்ந்து, அவர் முகம் எப்படி இருந்தது, பிடித்திருந்த மாதிரி இருந்ததா என்று கேட்டார். பதில் சொன்னது தம்பிதான்.

"மாமா, படமே வர்ல. வெள்ளையாக்கீது."

மாமாவின் கை மெதுவாகத் திரைப் பக்கம் போனது. உள்ளங்கையைத் திரையில் வைத்து, கீழே ஓரம்வரை தடவிக்கொண்டு வந்தார். ஈரம் தட்டியிருக்க வேண்டும். விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"மஞ்சத் தண்ணியா, அக்கா?" என்றார். குரலில் கோபமே இல்லை.

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மாமா உடனே எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். படம் வரவில்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும், மேனேஜரிடம் வேண்டுமென்றே ஒரு வித்தை காட்டினேன் என்றார். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மறுநாள் நைனா லீவு போட்டுவிட்டு மாமாவைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ வாங்கி வருவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். வெறுங்கையோடு வந்தார்கள். பெரியவர்கள் சமையலறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குப் பேசியது எனக்குத் தெரிய வரப் பல வருஷங்கள் ஆயின. கண்ணின் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, அதற்கு வைத்தியம் இல்லை. மாமாவுக்கு அது முன்னமே தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கடைக்காரர் முன்கோபியே இல்லையாம். மாமா கைதவறி எத்தனையோ போர்டு எரிந்த பிறகும், பார்சல் கட்டுகிற வேலையாவது செய்துகொண்டு இரு என்று இருத்தி வைத்திருக்கிறார். அந்த இரக்கம்தான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மேனேஜர் போன் செய்யவில்லை. சித்தூர்ப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. கோணிப்பையில் வேறு திரைகள் இருந்தும் மாமா மாற்றிப் பொருத்தவில்லை. அம்மா மாத்திரம் ரொம்ப காலத்துக்கு எந்த விசேஷத்துக்கும் மஞ்சள் தண்ணீர் கரைக்கவில்லை. அவளால் மாமாவின் கண் போகவில்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள், அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், படமே இல்லாத திரையில் எங்கள் மாமா கேம் ஆடி ஜெயிப்பார் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். என் பக்கத்தில் உட்காருகிறவள் புளுகு என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலம் அவளைக் கையோடு வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

மாமா கட்டிலில் சும்மா படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அம்மா சமையலறையிலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு அதட்டல் போட்டாள். மாமா, "விடு அக்கா, கொயந்த கூட்டிக்கினு வந்துக்கீது" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். சுவரைத் தொட்டபடி வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். திரை வெள்ளையாக எரிந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஆடினார். அவ்வளவு நேரம் கல்லில் அடிபடாமல் அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. கடைசியில் ஜெயித்ததற்கான இசை வந்தபோது என் சிநேகிதி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, இப்ப இன்னா கலர் தெரியுது?"

"வெள்ளை, மாமா."

"கோடு? புள்ளி?"

"ஒண்ணுமே இல்ல மாமா. வெறும் வெள்ளை."

"எனக்கும் அதான் தெரியுது" என்றார் மாமா. "இந்த ஒரு திரையிலதான் நீ பாக்கறதயே நானும் பாக்கறேன்."

சமையலறையில் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா ஏதோ விடுகதை போடுகிறார் என்று நினைத்து, விடை தெரிந்தவள்போல நான் தலையாட்டினேன். பிறகு சிநேகிதிக்காக இன்னொரு ஆட்டம் ஆடச் சொன்னேன். ஆடினார்.